தொட்டவை நான்கு

பெரியகுளம்
3 டிசம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. பெண்டாட்டி கடிதம் போட்டிருக்கிறாள் என்றதும் ஏதோ வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்துக் கூக்கால் ஊரையே கூட்டிவிட வேண்டாம். தோள்பட்டை எலும்பு கூடிவிட்டது. சாப்பிடுகிறேன். வேலுத்தாய் அக்கா ஊட்டிவிடாத குறையாகப் பார்த்துக்கொள்கிறாள்.

போனில் பேசலாமே என்று கேட்பீர்கள். போன் மணி எங்கே கேட்டாலும் எழுந்து வாசலுக்கு ஓடிவிடுகிறேன். அக்டோபர் பதினெட்டாம் தேதி அடுக்கம் ரோட்டில் மண் சரிந்து பூண்டு வண்டியோடு என்னை மூடியபோது, வழி பார்க்க இறங்கி வெளியே நின்ற நீங்கள் விடாமல் என் போனுக்கு அடித்தீர்கள். நான் இருக்கிறேனா என்று தெரிந்துகொள்ளத்தானே அடித்தீர்கள். அது என் காலுக்குக் கீழே எங்கேயோ கிடந்து அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க முடியவில்லை. இப்போது அக்கா வீட்டில் எல்லாப் போனும் ஊமையாகக் கிடக்கிறது. அத்தான் வியாபாரமே கெட்டுப்போச்சு என்று புலம்புகிறார்.

இதைப் பற்றி இனி எழுத மாட்டேன். சொல்ல வந்தது வேறு.

ஆஸ்பத்திரியில் ஷர்மிளா மேடம் என்று ஒரு கவுன்சிலர். வாரம் ஒருநாள் போகிறேன். "பயம் வர்றப்ப அதோட மல்லுக்கு நிக்காதீங்க. கண்ணுக்குத் தெரியிறது அஞ்சு, தொட முடியிறது நாலு, காதுல விழுறது மூணு, மூக்குக்கு ரெண்டு, நாக்குக்கு ஒண்ணு. நிதானமா எண்ணுங்க" என்றார். மலை தலையில் விழுந்தவளுக்கு ஒண்ணாங்கிளாஸ் கணக்கா என்று அக்காவிடம் கேலி பேசிக்கொண்டு வந்தேன்.

முந்தாநாள் தெருவில் டிப்பர் லாரி வந்து ஜல்லி கொட்டியது. அந்தச் சத்தம் கேட்டதும் சமையல்கட்டில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வரவில்லை. கண்ணை மூடினால் மண். வேறு வழியில்லாமல் எண்ணினேன். அரிவாள்மனை. சன்னலில் காயும் பச்சைத் துண்டு. சீனித் துணுக்கை இழுத்துப் போகும் ஓர் எறும்பு. அப்புறம் இரண்டு. தண்ணீர்க் குடத்தைத் தொட்டேன், அதன் குளிர்ச்சி உள்ளங்கையில் தொடங்கி முழங்கை வரைக்கும் ஏறியது. கடைசியில் நாக்குக்கு என்ன செய்வது என்று தெரியாமல், எட்டிய உப்பு ஜாடியிலிருந்து ஒரு கல் எடுத்து வாயில் போட்டேன். மூச்சு வந்துவிட்டது.

அந்த உப்பு என்ன உப்பு, மாமா. முப்பத்துநாலு வருஷமாக உப்பு தின்கிறேன், அன்றைக்குத்தான் அது இன்னதென்று தெரிந்தது. ஓர் எறும்பைப் பார்த்து அழுதேன். உலகம் இவ்வளவு பக்கத்திலேயே இருந்திருக்கிறது, நான்தான் எங்கேயோ போயிருந்திருக்கிறேன்.

எப்போது மேலே வருவாய் என்று கேட்காதீர்கள். மலை தெரியக்கூடாது என்று வடக்குச் சன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறேன். மலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே விட வேண்டும், முதலில் அது எழுத்தில் வரட்டும் என்கிறார் மேடம். அதனால் உங்களுக்கு ஒரு சோலி. கண்டது அஞ்சு, தொட்டது நாலு, கேட்டது மூணு, முகர்ந்தது ரெண்டு, ருசித்தது ஒண்ணு என்று அங்கிருந்து எழுதி அனுப்புங்கள். மழையும் ரோடும் வேண்டாம். கார்த்திகைப் பூண்டு நடவு முடிந்ததா, முளை எப்படி வந்திருக்கிறது என்பதை மட்டும் கட்டாயம் எழுதுங்கள்.

பட்டினி கிடக்க வேண்டாம்.

உங்கள்
சுகன்யா


கூக்கால்
12 டிசம்பர் 2024

அன்புள்ள சுகன்யாவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை படிக்கும்போது மணியன் அண்ணன் வாசலில் நின்று, "என்னலே, பரீச்சைக்குப் படிக்கிறியா?" என்று கேட்டார். பத்தாம் வகுப்பில் லீவு லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் பேனா பிடித்ததில்லை. நகம் இப்போதுதான் வளர்ந்து வருகிறது, எழுதினால் விரல் நுனி வலிக்கிறது. கோழி கிறுக்கல் என்று திட்டாதே.

கண்டது. ஒன்று, காலையில் உறைபனி. வெயில் எட்டிய இடம் வரைக்கும் பச்சை, எட்டாத இடம் வெள்ளை, நடுவில் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. அந்தக் கோடு நகர்ந்து மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், இத்தனை வருஷம் பார்த்ததில்லை. இரண்டு, ஏரிமேல் ஆவி. மூன்று, மணியன் அண்ணன் தலையில் குல்லாவுக்கு மேல் இன்னொரு குல்லா. நான்கு, உன் கோழிகள். ஐந்து, உன் கடிதம்.

தொட்டது. கதவு, டம்ளர், கம்பளி, பேனா.

கேட்டதை மூன்றாகப் பிரிக்கத் தெரியவில்லை. ஒன்றுதான் கேட்டேன், அதையே மூன்றாக வைத்துக்கொள். செவ்வாய்க்கிழமை வெள்ளனே எழுந்து வீட்டுக்குப் பின்னால் போனேன். நீட்டிய கை தெரியாத மூடுபனி. பக்கத்தில் எங்கேயோ புல்லைப் பறிக்கும் சத்தம். அப்புறம் மெல்லும் சத்தம். மணியன் அண்ணன் பசுதான் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது என்று நினைத்து, "ஏய், போ அங்கிட்டு" என்று அதட்டினேன். மெல்லுவது நின்றது. சூடாக ஒரு மூச்சு என் முகத்தில் பட்டது. பனி விலகினால், காட்டுமாடு. ஆறடி தள்ளி நிற்கிறது. அதன் தோள் என் தலைக்கு மேலே. ஓட வேண்டும் என்று தோன்றவே இல்லை, சுகன்யா. அது என்னை ஒரு தடவை பார்த்தது. பிறகு குனிந்து மறுபடி மேய ஆரம்பித்தது. அவ்வளவு பெரிய உயிர் என்னை ஒரு பொருட்டாக நினைக்காமல் பக்கத்தில் நின்று தின்றுகொண்டிருக்க, என் நெஞ்சில் ரெண்டு மாசமாக இருந்த இரைச்சல் அடங்கிப்போனது. வெயில் வந்து அது சோலைக்குள் போகும் வரைக்கும் அப்படியே நின்றேன்.

முகர்ந்தது, அந்த மாட்டின் மூச்சு, பச்சைப்புல் நாற்றம். இன்னொன்று நம் அடுப்புப் புகை. ருசித்தது நான் போட்ட காப்பி. அதை ருசி என்று எழுதினால் பொய்யாகும்.

நடவு முடிந்தது. முளை ஒரு சாண் வந்திருக்கிறது. அதைப் பற்றிக் கவலைப்படாதே.

முருகவேல்


பெரியகுளம்
28 டிசம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை வராக நதிக் கரைக்கு எடுத்துப்போய், காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு படித்தேன். காட்டுமாடு வந்த இடத்தில் நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன். அது மெல்லும் சத்தம் என் காதில் நிஜமாகவே விழுந்தது. எழுத்தில் இருந்த மாட்டுக்கு இப்படி என்றால், ஆறடி தள்ளி நின்ற மாடு உங்களை என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்து, "காத்து கருப்பு அடிச்சிருச்சாடி?" என்கிறாள்.

ஒரு குறை உண்டு. தொட்டது நாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் விவசாயியா தாசில்தாரா? அடுத்த தடவை நம் பூண்டுக்காட்டுக்குள் இறங்கித் தொட்டு எழுதுங்கள்.

என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். கொல்லை மாமரம் பூத்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு அதன் தளிரைத் தொட்டுப் பார்த்தேன். முற்றிய இலை தெரியும், விறைப்பாக இருக்கும். தளிர் துவைத்த பழம்புடவை மாதிரி துவண்டு கிடக்கிறது, உள்ளே ஓடுகிற குளிர்ச்சி விரலுக்குத் தெரிகிறது. அரை மணி நேரம் ஒரே இலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷம் இந்தக் கையை வைத்துக்கொண்டு பூண்டு உரித்ததைத் தவிர வேறென்ன செய்தேன் என்று தோன்றியது.

நேற்று வடக்குச் சன்னலை ஒரு விரல்கடை திறந்து வைத்தேன். மலையில் ஒரு விரல்கடை தெரிந்தது, நீலமாக. சாத்திவிட்டேன். ஆனாலும் திறந்தேனே.

அடுப்புப் புகை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் உங்கள் சட்டையில் அடிக்கும் அந்த வாசம் ஞாபகம் வந்து, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஏக்கமாக இருந்தது.

சுகன்யா


கூக்கால்
20 ஜனவரி 2025

அன்புள்ள சுகன்யாவுக்கு,

இந்தப் பொங்கலுக்கு வீட்டில் பானை வைக்கவில்லை. மணியன் அண்ணன் வீட்டில் கொடுத்ததைச் சாப்பிட்டேன்.

ரேடியோவில் ஒரு டாக்டர் பேசினார். மற்ற எதையும்விட வாசம்தான் நேராக மனசுக்குள் போகுமாம். பழகிய வாசம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பயம் தெளியும் என்றார். கேட்டதும் உன் கடிதம்தான் ஞாபகம் வந்தது. பரணில் ஏறி, அடுப்புக்கு மேலே புகை பட்டுத் தொங்கிய பூண்டுக்கட்டு ஒன்றை எடுத்து, என் சட்டையிலேயே சுற்றி, அலாவுதீன் பாய் கடைச் சரக்கு வண்டியில் அனுப்பியிருக்கிறேன். பாய் தன் கையாலேயே சாக்கு தைத்துக் கொடுத்தார். "வீட்டுல தங்கச்சி கண்ண மூடி மோந்தா கூக்காலுக்கே வந்துரும்" என்றார்.

பிரித்ததும் முகத்தில் வைத்துக்கொள். நம் வீடே அதில் இருக்கிறது.

தை பிறந்துவிட்டது. மாசிக்குள் வந்துவிடுவாயா? கேட்கக்கூடாது என்றாய். கேட்டுவிட்டேன்.

முருகவேல்


பெரியகுளம்
9 பிப்ரவரி 2025

மாமாவுக்கு,

உங்கள் பார்சல் ஜனவரி 23ஆம் தேதி வந்தது. நீங்கள் சொன்ன மாதிரியே பிரித்து முகத்தில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. நிலைப்படியில் நெற்றி மோதி மூன்று தையல். பதினைந்து நாள் நான் சன்னல் பக்கம் போகவில்லை, நதிக்குப் போகவில்லை, எண்ணவும் முடியவில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு வண்டியில் என்ன ஏற்றியிருந்தோம் என்று மறந்துவிட்டீர்களா? மண் தள்ளியதில் மூட்டைகள் கிழிந்து பூண்டுதான் என்னைச் சுற்றி நின்றது. வாயில் பூண்டுத்தோல். நாலு மணி நேரம் நான் இழுத்த மூச்சு முழுக்க அந்த வாசம். உங்களுக்கு அது வீடு. எனக்கும் வீடாக இருந்ததுதான். நினைப்பில் இனித்தது, கிட்டே வந்ததும் மண்ணுக்குள் இழுத்துப் போய்விட்டது. இது எனக்கே தெரியாது என்றால் உங்களுக்கு எப்படித் தெரியும், அதற்காக உங்களைக் கோபிக்கவில்லை. அனுப்பட்டுமா என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். அந்தக் கோபம் உண்டு.

ஆனால் இந்தக் கடிதத்துக்குக் காரணம் அது இல்லை.

அக்கா அந்தப் பூண்டுக்கட்டை மாட்டுக்கொட்டகையில் தூக்கிப் போட்டிருந்தாள். பத்தடி தள்ளி நின்று பார்க்க முடிகிறதா பாருங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள் என்றார் மேடம். முந்தாநாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். கட்டின்மேல் சிவப்புத் துணி. என் பழைய ஜாக்கெட்டைக் கிழித்து, கார்த்திகை நடவுக்கான விதை என்று அடையாளம் வைத்து, செப்டம்பரில் நானே கட்டிய துணி. மேலும் நாலடி கிட்டே போய்ப் பார்த்தேன். அதேதான்.

விதை பரணில் இருக்கிறது, முளை காட்டில் ஒரு சாண் வந்திருக்கிறது. இது எந்த ஊர் விவசாயம்?

நீங்கள் நடவே இல்லை. எனக்குப் பொய் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் எழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் மலையை விரல்கடை விரல்கடையாக உள்ளே விட்டேன். அதில் எது நிஜம்? உறைபனி நிஜமா, காட்டுமாடு நிஜமா? என்ன நடந்தது என்று உள்ளதை எழுதுங்கள். இல்லையென்றால் நீங்கள் அங்கேயே இருங்கள், நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை. ரெண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

சுகன்யா


கூக்கால்
17 பிப்ரவரி 2025

சுகன்யா,

உறைபனி நிஜம். காட்டுமாடு நிஜம். நடவு பொய்.

நவம்பர் பதினைந்தாம் தேதி விதைப்பூண்டைப் பல் பல்லாக உடைத்துக் கூடையில் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனேன். குனிந்து விரலை மண்ணுக்குள் விட்டேன். விரல் போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டது. வாந்தி எடுத்தேன். மறுநாளும் போனேன், அதே கதை. அதற்குப் பிறகு இன்றுவரை நான் மண்ணைத் தொடவில்லை. ஊரில் முதுகுப் பிடிப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன். காடு தரிசாகக் கிடக்கிறது. உடைத்தது ஒரு கூடைதான். மற்ற கட்டுகள் எல்லாம் பரணிலேயே இருக்கின்றன, துணியைக்கூட நான் கவனிக்கவில்லை. கதவு, டம்ளர், கம்பளி, பேனா என்று எழுதினேனே, அதற்கு மேல் எழுத என்னிடம் எதுவும் இல்லை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஜே.சி.பி வருவதற்கு முன்னால் கையால்தான் தோண்டினேன். விரலில் வேர் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. வேர் என்று நினைத்துப் பலம் கொண்ட மட்டும் பிடித்து இழுத்தேன். வேர் இல்லை, உன் தலைமுடி. கொத்தாக என் கையோடு வந்தது. அடுக்கம் வழியா போனா வெரசா போயிரலாம் என்று சொன்னவனும் நான், உன் முடியைப் பிடுங்கியவனும் நான். மண்ணுக்குள் விரல் போனால் இப்போதும் அந்த முடி தட்டுப்படுகிறது. இதை உன்னிடம் எப்படி எழுதுவேன்?

உன் கடிதம் வந்த மறுநாள் மணியன் அண்ணனின் பசுவைத் தேடி மேட்டுக்காட்டைத் தாண்டிப் பாறை விளிம்பு வரைக்கும் போனோம். ஏழரை மணி இருக்கும். முதுகில் வெயில். எதிரே பள்ளம் பூராவும் மேகம் நிரம்பிக் கிடந்தது, இறங்கி நடக்கலாம் போல. அந்த மேகத்தின்மேல் எங்கள் நிழல் விழுந்திருந்தது. கால் தொடங்குகிற இடம் எங்கேயோ பள்ளத்தில், அவ்வளவு நீளம். என் நிழலின் தலையைச் சுற்றி ஒரு வட்டம். உள்ளே மஞ்சள், வெளியே சிவப்பு, வானவில்லை முழுசாக வளைத்துக் கட்டியது போல. நான் கையைத் தூக்கினேன், நிழல் கையைத் தூக்கியது. வட்டம் தலையை விட்டு நகரவில்லை.

அண்ணன் என் தோளைப் பிடித்து, "ஏலே, என் தலையச் சுத்தி என்னமோ தெரியுதுடா, பாத்தியா?" என்றார்.

"இல்லண்ணே, என் தலையச் சுத்தித்தான் தெரியுது. உங்க நிழலு சும்மாதான் கெடக்கு."

"நல்லாப் பாருடா. எனக்குத்தான் இருக்கு. ஒனக்கு ஒண்ணுமில்ல."

இடம் மாறி நின்று பார்த்தோம். அப்போதும் அவருக்கு அவர் தலையில், எனக்கு என் தலையில். தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கிறோம், பார்ப்பது ஒரே மேகம், ஆனால் அவர் வட்டத்தை என்னால் பார்க்கவே முடியவில்லை. மேகம் கலையும் மட்டும் ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம். அண்ணன் அழுதார், நானும் அழுதேன், எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. பசு தானாக வீட்டுக்குப் போய்விட்டிருந்தது.

இறங்கி வரும்போது உன்னைத்தான் நினைத்தேன். உனக்கு எது இதமாக இருக்கும் என்று நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்து முடிவு செய்துவிட்டேன். நீ நிற்கிற இடத்தில் என்ன தெரிகிறது என்று உன்னைக் கேட்டால்தானே எனக்குத் தெரியும்.

நீ மேலே வர வேண்டாம். காட்டை யாருக்காவது குத்தகைக்கு விட்டுவிட்டு நான் அங்கே வருகிறேன். அதுவும் வேண்டாம் என்றால் அதையும் எழுது.

முருகவேல்


பெரியகுளம்
26 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

அழுது முடித்துவிட்டு எழுதுகிறேன்.

அந்த முடியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. உள்ளே எனக்கு மேல் எது கீழ் எது என்றே தெரியவில்லை. செத்துவிட்டேனோ என்றுகூட நினைத்தேன். திடீரென்று உச்சந்தலையில் சுரீர் என்று ஒரு வலி. யாரோ முடியைப் பிடித்து இழுக்கிறார்கள். இழுக்கிறார்கள் என்றால் ஆள் இருக்கிறது. வலிக்கிறது என்றால் நான் இருக்கிறேன். எந்தப் பக்கம் இழுக்கிறார்களோ அந்தப் பக்கம்தான் மேல். அந்த வலியைப் பிடித்துக்கொண்டுதான் மீதி நேரம் நான் மூச்சு விட்டேன். அது யார் கை என்று இவ்வளவு நாள் எனக்குத் தெரியாது. தீயணைப்புக்காரர் யாரோ என்று நினைத்திருந்தேன். நீங்கள்தானா?

நீங்கள் நின்ற இடத்தில் அது அப்படித் தெரிந்திருக்கிறது. நான் கிடந்த இடத்தில் இப்படி. ரெண்டு பேரும் நாலு மாசம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம், என்ன சொல்ல?

அந்த மேகத்து வட்டத்தைப் பற்றி ஷர்மிளா மேடத்திடம் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அவரையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க" என்றார். வரும்போது பார்த்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் நான் சொல்வதைச் செய்யுங்கள். காட்டுக்குப் போக வேண்டாம். யாரையாவது விட்டு ஒரு பழைய தட்டில் மண் அள்ளி வைக்கச் சொல்லுங்கள். சும்மா பார்த்துக்கொண்டு இருங்கள், ஒரு வாரம். பிறகு ஒரு விரல். ஒரே ஒரு விரல். பயம் வந்தால் எடுத்துவிடுங்கள், யாரும் சிரிக்கப் போவதில்லை. நாலு தொட வேண்டாம், ஒன்று தொட்டு எழுதுங்கள். பொய் எழுதினால் கண்டுபிடித்துவிடுவேன், நான் பூண்டுக்காரி.

இன்று காலை வடக்குச் சன்னலை முழுசாகத் திறந்தேன். மலை முழுசாக உள்ளே வந்துவிட்டது. இவ்வளவு பெரியதா அது? அங்கேயே பதினொரு வருஷம் குடியிருந்தவளுக்கு அது தெரியவே இல்லை. உடம்பெல்லாம் நடுங்கியது. பயத்தில் பாதி, மீதி என்னவென்று எனக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெயில் ஏறி மலை நீலத்திலிருந்து பச்சைக்கு வரும் வரைக்கும் நின்றேன்.

காட்டை யாருக்கும் விட வேண்டாம். இப்போதைக்கு நீங்களும் வர வேண்டாம். எப்போது என்று நான் சொல்கிறேன்.

உங்கள்
சுகன்யா


கூக்கால்
24 மார்ச் 2025

அன்புள்ள சுகன்யாவுக்கு,

மணியன் அண்ணன் ஈயத்தட்டில் மண் கொண்டுவந்து வைத்தார். காரணத்தைச் சொன்னேன். முதுகுப் பிடிப்பு இல்லை என்பது அவருக்கு முதலிலேயே தெரியுமாம், "நீயா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார்.

ஒரு வாரம் பார்த்தேன். எட்டாம் நாள் விரலை வைத்தேன், எடுத்துவிட்டேன். ஒன்பதாம் நாள் வைத்து இருபது வரைக்கும் எண்ணினேன். முடி தட்டுப்பட்டது. இழுக்கப்பட்டவள் சொன்னதை நினைத்துக்கொண்டேன். விரலை எடுக்கவில்லை.

தொட்டது ஒன்று, மண். வெதுவெதுப்பாக இருக்கிறது. சன்னல் வெயில் பட்ட மேல்பக்கம் சூடு, உள்ளே போகப் போகக் குளிர்ச்சி. பொடிப்பொடியாக, நடுவில் ஒரு சின்னக் கல். பிறந்ததிலிருந்து இதில் கிடக்கிறேன், இது எனக்குத் தெரியாது பார். அன்று சாயங்காலம் கை கழுவ மனசு வரவில்லை.

தட்டிலேயே ஒரு பல் பூண்டு ஊன்றியிருக்கிறேன். பன்னிரண்டு நாளில் முளை ஒரு விரல்கடை. நேற்று அதன் நுனியில் என் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது தள்ளுகிறது, சுகன்யா. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தள்ளுகிறது. இந்தத் தடவை நிஜமாகவே முளை.

எதையும் கேட்க மாட்டேன். நீ எழுதுவதை எழுது.

முருகவேல்


பெருமாள்மலை
11 ஏப்ரல் 2025, காலை மணி 10.20

அன்புள்ள மாமாவுக்கு,

இது தபாலில் வரவில்லை. கூக்கால் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். டீக்கடையில் கேட்டு வாங்கிய தாள், பின்பக்கம் வடைக் கணக்கு இருக்கும், பார்க்காதீர்கள்.

வத்தலக்குண்டில் பஸ் ஏறினேன். தனியாகத்தான். அக்கா வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். ரெண்டாவது வளைவிலேயே நெஞ்சு அடைத்துக்கொண்டது. எழுந்து நின்றுவிட்டேன். கண்டக்டர், "என்னம்மா, எறங்கணுமா?" என்றார். "இல்லண்ணே, போங்க" என்று என் வாய் சொன்னது. அதைக் கேட்டு எனக்கே ஆச்சரியம். பக்கத்தில் ஒரு பெண் மடியில் பலாச்சுளைப் பொட்டலம் வைத்திருந்தாள். என்ன ஏது என்று கேட்காமல் ஒரு சுளையை எடுத்து என் கையில் வைத்தாள். இங்கே வரும் வரைக்கும் அதைத்தான் பிடித்துக்கொண்டு வந்தேன்.

இங்கே இறங்கிவிட்டேன். பயத்தில்தான். எதிரே அடுக்கத்துக்குப் பிரிகிற ரோடு தெரிகிறது. முதலில் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். இப்போது திரும்பி உட்கார்ந்திருக்கிறேன். சும்மா ஒரு ரோடு, ஓரத்தில் ஒரு நாய் படுத்திருக்கிறது.

இப்போதுதான் மேகம் ஒன்று கீழேயிருந்து ஏறிக் கடைக்குள்ளேயே வந்தது. கண்ணாடி ஜாடி, பெஞ்சு, டீ ஆற்றுகிறவர் கை எல்லாம் ஒவ்வொன்றாக மறைந்தது. மூச்சு முட்டும் என்று எதிர்பார்த்தேன். முட்டவில்லை. முகம் நனைந்தது. வாயைத் திறந்து கொஞ்சம் உள்ளே இழுத்தேன். குளிர்ந்த வெறும் காற்று, வேறொன்றும் இல்லை. என் நுரையீரல் முழுக்க மேகம் இருந்தது மாமா, ஒரு கணம். மலை என்னை மூடவும் செய்யும், இப்படி வந்து தொடவும் செய்யும், ரெண்டும் அதுதான். டீக்கடைக்காரர் இதையெல்லாம் தினமும் பார்த்துக்கொண்டு பேசாமல் டீ ஆற்றுகிறார்.

இதற்கு மேல் ஏற எனக்குக் கால் வரவில்லை. கீழே இறங்குகிற பஸ் ரெண்டு போய்விட்டது, அதிலும் ஏறவில்லை. மத்தியானத்துக்குள் இந்தத் தாள் உங்கள் கைக்கு வந்துவிடும். மணியன் அண்ணன் ஜீப்பை எடுத்துக்கொண்டு வாருங்கள். வந்ததும் கிளம்பு என்று சொல்லக்கூடாது. முதலில் என் பக்கத்தில் பெஞ்சில் உட்காருங்கள். உங்களுக்கு ஒரு டீ சொல்கிறேன். மேலே போவதா கீழே போவதா என்று அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து பேசிக்கொள்வோம்.

கண்டக்டர் அவசரப்படுத்துகிறார். மெதுவாகவே வாருங்கள், வளைவில் பார்த்து வாருங்கள். நான் இங்கேதான் இருப்பேன்.

சுகன்யா